பனி விலகுது, மாசி வெயில் ஏறுறதுக்குள்ள கொல்லையில என்னென்ன முடிச்சுக்கணும்?

விச்சூர்வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மணலி புதுநகர் தாண்டி விச்சூர் பக்கம் வீடு. பின்னாடி ரெண்டு கிரவுண்ட் கொல்லை, சுத்தி வேலி. மரமுருங்கை ரெண்டு, பங்கனப்பள்ளி மா ஒண்ணு, தென்னை மூணு, பந்தல்ல அவரை. ஒரு கறவை மாடு கன்னுக்குட்டியோட. நாட்டுக்கோழி எட்டு, சேவல் ஒண்ணு. தண்ணிக்கு 22 அடி உறைக்கிணறு, 4 அடி விட்ட உறை, மேல 1 எச்.பி. மோட்டார்.

விடியக்காலை இன்னும் பனி கொட்டுது. 9 மணி தாண்டினா வெயில் சுள்ளுங்குது. சிவராத்திரியோட பனி சிவசிவான்னு ஓடிடும்னு சொல்வாங்க, அதுக்குள்ள எதை முடிக்கணும்னு வரிசை தெரியல. கேள்விகள் இதுதான்:

அவரையில பூ குறைஞ்சுபோச்சு, பிடுங்கிடலாமா? முருங்கை ரொம்ப உயரம் போயிடுச்சு, பூவும் வெச்சிருக்கு, இப்பவே வெட்டிவிடலாமா? மாம்பூ மேல மாவு தூவின மாதிரி வெள்ளையா இருக்கு, அது என்ன? ரெண்டு கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கு, முட்டை வைக்கலாமா, இல்ல வெயில் காலம்னு விட்டுடணுமா? புதுசா என்ன விதை போடலாம்? போன சித்திரையில கிணத்துத் தண்ணி கரிச்சது, கத்தரி மிளகாய் எல்லாம் ஓரம் கருகிப்போச்சு. இந்த வருஷமும் அப்படி ஆகாம இருக்க வழி உண்டா?

கொசத்தலைக்கரை:

முருங்கையில கத்தி வைக்காதீங்க. முதல்ல அதைச் சொல்லிடறேன். மரமுருங்கை தை, மாசியில பூத்து பங்குனியில இருந்து காய் தரும். இப்ப கிளையை வெட்டினா இந்த வருஷக் காயைத்தான் வெட்டுறீங்க. காய் முடிஞ்சு ஆனி கடைசி, ஆடி மழைக்கு முன்னால கவாத்து பண்ணுங்க. அந்தக் கிளையையே 3 அடித் துண்டா நறுக்கி நட்டா போத்து பிடிச்சுக்கும். இப்பவே காத்துல முறிஞ்சிடும்னு தோணுற கிளை இருந்தா அதை மட்டும் கழி கொடுத்துத் தாங்கிவிடுங்க. முருங்கைக் கிளை பொசுக்குனு ஒடியும், ஆள் ஏறக் கூடாது.

பூ இருக்கற நேரத்துல முருங்கைக்குத் தண்ணி ஊத்தி ஊத்தி வளர்க்காதீங்க. மண் எப்பவும் ஈரமா இருந்தா பூ கொட்டி இலைதான் தழையும். பிஞ்சு விரல் நீளம் வந்த பிறகு வாரம் ஒரு தடவை போதும். அடிமரத்துல கம்பளிப்பூச்சி கும்பலா ஒட்டியிருக்கான்னு பகல்ல பாருங்க. பகல் முழுக்க அது தண்டுலதான் கூடிக் கிடக்கும், ராத்திரிதான் மேல ஏறி இலையைத் திங்கும். அதனால கொல்ற நேரம் பகல். 10 லிட்டர் தண்ணியில 50 கிராம் பார் சோப்பைச் சீவிக் கரைச்சு கும்பல் மேலயே நனைய அடிச்சா விழுந்திடும். விழுந்ததைக் கூட்டி மண்ணுல புதைங்க. பந்தம் கொளுத்திக் காட்டுற பழக்கமும் உண்டு. ஆனா ஒரே இடத்துல நிறுத்தினா பட்டை வெந்து அந்தப் பக்கம் பிசின் வழிய ஆரம்பிச்சிடும். முருங்கைக்குக் கீழ கொடி கட்டித் துணி காயப்போடறதை பங்குனி வரைக்கும் நிறுத்திவைங்க. அந்தப் பூச்சியோட முடி உடம்புல பட்டுட்டா தேய்க்காம, ஒட்டுற டேப்பை ஒட்டி உரிச்சிட்டு அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவணும்.

மாம்பூ மேல இருக்கறது சாம்பல் நோய். ராத்திரி பனியும் பகல் வெயிலும் மாறி மாறி வர்ற இந்த மூணு வாரம்தான் அதுக்குத் தோது. விட்டா பூங்கொத்து முழுக்கக் கருகி காம்பு மட்டும் நிக்கும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் கரைச்சு, சாயங்காலம் 5 மணிக்கு மேல அடிங்க. வெயில்ல அடிச்சா பூவே வெந்திடும். காலையில தேனீ வேலை செய்யுற நேரம், அப்பவும் வேண்டாம். ரொம்பப் பேர் செய்யுற தப்பு ஒண்ணு இருக்கு: கந்தகம் அடிச்ச நாலு நாள்ல தத்துப்பூச்சிக்குன்னு வேப்பெண்ணெயையும் அடிப்பாங்க. கந்தகமும் எண்ணெயும் சேர்ந்தா இலை கருகும். ரெண்டுக்கும் நடுவுல மூணு வாரமாவது இடைவெளி வேணும். மரத்துக்கிட்ட போனா இலை மேல மழைத்துளி விழுற மாதிரி சடசடன்னு சத்தம் கேட்டு, இலை பிசுபிசுன்னு இருந்தா தத்துப்பூச்சி அதிகம்னு அர்த்தம். அப்ப முதல்ல வேப்பெண்ணெயை முடிச்சிட்டு, கந்தகத்தைத் தள்ளிவைங்க.

மாவுக்கு இப்ப சொட்டுத் தண்ணிகூட வேண்டாம். பிஞ்சு கோலிக்குண்டு அளவு வந்த பிறகு, வாரம் ஒரு தடவை 150, 200 லிட்டர். அடிமரத்துல ஊத்தாதீங்க. மத்தியான நிழல் விழுற ஓரத்துல வட்டமா வாய்க்கால் எடுத்து அதுல விடுங்க, வேர் குடிக்கறது அங்கதான்.

அவரை கதை முடிஞ்சது. அது பகல் குறுகின காலத்துல பூக்குற ஜாதி, பகல் நீள நீளப் பூ நிக்கும். முத்தின நெத்தா பத்து பன்னெண்டு விதைக்கு விட்டுட்டு, மீதியை வேரோட பிடுங்காம தரையோட அறுங்க. வேர் மண்ணுலயே மக்கட்டும். பந்தலைப் பிரிச்சிடாதீங்க, அதே பந்தல்ல பாகலும் புடலும் ஏத்தலாம்.

உப்புத்தண்ணி:

விதை பத்திப் பேசுறதுக்கு முன்னாடி தண்ணியைப் பத்திப் பேசணும். அண்ணே, ஒரு டி.டி.எஸ். மீட்டர் (லிட்டர் தண்ணியில எத்தனை மில்லிகிராம் உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுறது) கிடைச்சா ரெண்டு தடவை அளந்து சொல்லுங்க: காலையில மோட்டார் போடறதுக்கு முன்னாடி வாளி விட்டு மேல் தண்ணி எடுத்து ஒண்ணு, மோட்டார் அரை மணி நேரம் ஓடின பிறகு குழாயில பிடிச்சு ஒண்ணு. ஃபுட்வால்வு, அதாவது உறிஞ்சு பைப்போட அடி முனையில இருக்கற வால்வு, எத்தனை அடியில தொங்குது, இப்ப தண்ணி மட்டம் எத்தனை அடின்னும் சொல்லுங்க.

மீஞ்சூர் சுத்துவட்டாரத்துல நிலத்தடியில கடல்தண்ணி ஏறுறது 1960களின் கடைசியிலேயே பதிவான விஷயம். இங்க உப்பு உங்க கிணத்துக் குத்தம் இல்ல, இறைக்கிற விதத்துல பாதியாவது கட்டுப்படுத்தலாம்.

விச்சூர்வாசி:

பக்கத்துல மீன் தொட்டி வெச்சிருக்கவங்ககிட்ட மீட்டர் வாங்கி அளந்தேன். காலை வாளித் தண்ணி 1,150. அரை மணி ஓடினதுக்கு அப்புறம் குழாய்த் தண்ணி 1,900! தண்ணி 9 அடியில நிக்குது. ஃபுட்வால்வு 20 அடியில, கிட்டத்தட்ட தரை தொட்டு.

உப்புத்தண்ணி:

இதுலயே பதில் இருக்கு. ஒரே கிணத்துல ரெண்டு தண்ணி இருக்கு. மழைத்தண்ணி இலேசு, உப்புத்தண்ணி கனம். அதனால நல்ல தண்ணி மேல மிதக்குது. நீங்க கீழ இருந்து வேகமா உறிஞ்சுறீங்க, அடியில இருக்கற உப்பு கூம்பு மாதிரி எழும்பி வால்வுக்குள்ள போகுது. கடலோர நிலத்தடி நீருக்கு ஒரு கணக்கு உண்டு: நல்ல தண்ணி மட்டம் ஒரு அடி இறங்கினா, அடியில உப்புத்தண்ணி எல்லை 40 அடி வரைக்கும் மேல வரப் பார்க்கும். கொஞ்சம் கொஞ்சமா இறைச்சா அது எழும்பாது.

செய்ய வேண்டியது: ஃபுட்வால்வை மேல தூக்கணும். சும்மா தூக்கிக் கட்டினா மட்டம் இறங்குறப்ப காத்து இழுத்து மோட்டார் சீல் போயிடும். அதனால கடைசி 10 அடி பி.வி.சி. பைப்பைக் கழட்டிட்டு, உள்ள கம்பிச்சுருள் வெச்ச உறிஞ்சு ஓஸ் போடுங்க. சாதாரண தோட்டத்து ஓஸ் போட்டா இழுக்கும்போது சப்பிப்போகும். மூடி இறுக்கின 20 லிட்டர் காலி கேன்ல ஓஸைக் கட்டி மிதக்க விடுங்க, வால்வு தண்ணி மட்டத்துக்கு ரெண்டு அடி கீழ தொங்கணும். தண்ணி இறங்கினா கேனும் இறங்கும், வால்வும் கூடவே இறங்கும். ஓஸ் மூட்டுல ரெண்டு கிளாம்பு போடுங்க. அங்க காத்து கசிஞ்சா மோட்டார் பிடிக்காது, நீங்க வால்வைக் குறை சொல்லிட்டு இருப்பீங்க.

அடுத்தது நேரம். 4 அடி உறையில ஒரு அடித் தண்ணி சுமார் 355 லிட்டர். மோட்டார் நிமிஷத்துக்கு 60 லிட்டர் தள்ளுதுன்னு வெச்சுக்குங்க, ஊத்து வர்றதைச் சேர்க்காம 12 நிமிஷத்துல ரெண்டு அடி இறங்கும். அதுதான் எல்லை. காலையில 10 நிமிஷம், சாயங்காலம் 10 நிமிஷம், தொட்டியில ஏத்தி அங்கிருந்து பாய்ச்சுங்க. அடுத்த தடவை மோட்டார் மாத்தறப்ப அரை எச்.பி. வாங்குங்க, 1 எச்.பி. இந்தக் கிணத்துக்கு அதிகம்.

பாசனத்துக்கு 450 வரைக்கும் கவலை இல்ல. 450ல இருந்து 2,000 வரைக்கும் பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கணும். 2,000 தாண்டினா பெரும்பாலான காய்கறிக்கு ஆகாது. உங்க 1,150 நடுவுல இருக்கு. அதனால போன வருஷம் கருகின கத்தரி, மிளகாயை மறுபடி பெருசாப் போடாதீங்க. வெங்காயம், பீன்ஸ் பக்கமே போகாதீங்க. உப்பைத் தாங்குறதுல கொத்தவரையை அடிச்சுக்க ஆள் இல்ல. காராமணியும் நல்லாத் தாங்கும். தென்னைக்குப் பிரச்சனை இல்ல. மா தாங்காது, அதுக்குக் காலையில வாளியில மொண்ட மேல் தண்ணியைக் கொடுங்க.

மண்ணு மேல வெள்ளையாப் பூக்குற இடத்துல தண்ணி ஆவியாகி உப்பை விட்டுட்டுப் போயிருக்குன்னு அர்த்தம். மூடாக்கு போட்டா அந்த ஆவியாதல் குறையும், உப்பும் குறையும். காய்ஞ்ச அவரைக்கொடி, தென்னை ஓலை, முருங்கைத் தழை எதுவானாலும் நாலு விரல் கனம். தண்டை ஒட்டிப் போடாம கொஞ்சம் தள்ளி. பாத்தியை நாலு நாள் காயவிட்டு அஞ்சாம் நாள் ரொப்புறதைவிட, தினம் கொஞ்சம் ஈரம் விடறது உப்பு மண்ணுக்கு நல்லது. காயக் காய வேரைச் சுத்தி உப்பு கெட்டியாகும். ஆர்.ஓ. மிஷின்ல இருந்து வெளிய வர்ற தண்ணியைச் செடிக்கு விட்டு மிச்சம் பிடிக்கறதா நினைக்காதீங்க, உள்ள போனதைவிட உப்பு அதுல அதிகம்.

கோழிக்கூண்டு:

அடைக்கோழி விஷயத்துக்கு வர்றேன். வைக்கலாம், ஆனா இந்த வாரமே. 21 நாள் ஆகும், மாசி கடைசிக்குள்ள குஞ்சு இறங்கிடணும். பங்குனியில வெச்சா ஏன் கெடுதுன்னா, சேர்த்து வைக்கிற முட்டை கூட்டுக்குப் போறதுக்கு முன்னாலயே கெட்டுப்போகுது. அறையில சூடு 25, 26 தாண்டினா கரு அரைகுறையா வளர ஆரம்பிச்சு நின்னுடும். அப்புறம் கோழி என்னதான் உட்கார்ந்தாலும் கூமுட்டைதான்.

ஈர மணல் போட்ட மண்சட்டியில, மேல ஒரு துணி விரிச்சு, கூர்மையான முனை கீழ பார்க்க வெச்சு, நிழல்ல சேர்த்துவைங்க. ஏழு நாளுக்கு மேல பழசான முட்டை வேண்டாம். கழுவக் கூடாது. அழுக்கு இருந்தா காய்ஞ்ச துணியில துடைங்க. ரொம்பப் பெருசு, ரொம்பச் சின்னது, ஓட்டுல சுருக்கம் விழுந்தது மூணையும் சமையலுக்கு எடுத்துக்குங்க. ஒரு கோழிக்கு 10, மிஞ்சினா 12. மாசி ராத்திரியில கோழி உடம்புக்கு வெளிய நீட்டிட்டு இருக்கற முட்டை குளிர்ந்திடும். அது உருட்டி உருட்டி மாத்தும்போது எல்லா முட்டையும் ஒரு தடவை குளிரும். 15 வெச்சு 6 பொரிக்கறதுக்கு இதுதான் காரணம்.

ரெண்டு கோழியையும் ஒரே நாள்ல, வேற வேற மூலையில உட்கார வைங்க. பக்கத்துல பக்கத்துல வெச்சா ஒண்ணோட முட்டையை இன்னொண்ணு திருடும், கடைசியில ரெண்டும் ஒரே கூட்டுல ஏறி உட்காரும். கூட்டுக்கு அகலமான மண்சட்டி, அடியில மணல், மேல வைக்கோல், அதுல சாம்பலும் கைப்பிடி காய்ஞ்ச வேப்பிலையும். செள்ளுப்பூச்சி ஏறினா கோழி பாதியில எழுந்து போயிடும். கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைக்கச் சொல்வாங்க, இடிக்குக் காப்புன்னு. வெச்சாலும் கெடுதல் இல்ல, சாம்பல் மட்டும் மறக்காதீங்க. தினம் ஒரு தடவை எழுந்து தீனி தின்னு எச்சம் போட்டு வரும், கால் மணி நேரம். அதைத் துரத்தாதீங்க.

ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்சை முட்டையோட அகலப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்பு தெரிஞ்சா கரு கூடியிருக்கு. ஒண்ணுமே இல்லாம மஞ்சளா வெளிச்சம் தெரிஞ்சா எடுத்திடுங்க. விட்டுவெச்சா அழுகி உள்ளயே வெடிச்சு மத்த முட்டையையும் கெடுக்கும்.

இதைவிட அவசரம் தடுப்பூசி. வெயில் ஏறுற நேரத்துலதான் வெள்ளைக்கழிச்சல் வரும், கோழிக்கழிச்சல்னும் சொல்வாங்க. வந்தா மருந்து கிடையாது, நாலு நாள்ல கூண்டு காலி. கால்நடை பராமரிப்புத் துறை வருஷா வருஷம் பிப்ரவரியில ரெண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுது, இலவசம். உங்க ஏரியாவுல முடிஞ்சிருந்தாகூட கால்நடை மருந்தகத்துல கேளுங்க. எட்டு வாரம் தாண்டின கோழிக்கு இறக்கை அடியில தோலுக்குக் கீழ அரை மில்லி. குஞ்சுக்கு அது கூடாது. ஏழாம் நாள் கண்ணுல ஒரு சொட்டு லசோட்டா, அதே நோய்க்குக் குஞ்சுக்கான தடுப்பு மருந்து. ஊசி போடறதுக்கு ஒரு வாரம் முன்ன குடல்புழு மருந்து கொடுத்துடுங்க, வயித்துல புழு இருந்தா ஊசி சரியா வேலை செய்யாது. காசு கொடுத்து வாங்குறதா இருந்தா ஒரு குப்பி பொதுவா 100 கோழிக்கு வரும். கலக்கின பிறகு ரெண்டு மணி நேரத்துக்குள்ள தீர்த்துடணும், மிச்சம் வெச்சு நாளைக்குப் போட முடியாது. அதனால தெருவுல இருக்கற எல்லா வீட்டுக் கோழியையும் ஒரே காலையில பிடிச்சு முடிங்க. மருந்தைக் கடையில இருந்து ஐஸ் போட்ட ஃபிளாஸ்குலதான் கொண்டுவரணும். சட்டைப்பையில போட்டு பஸ்ஸுல கொண்டுவந்தா அது வெறும் தண்ணி. அடையில இருக்கற ரெண்டுக்கும் இப்ப வேண்டாம், குஞ்சு இறங்கின பிறகு பார்த்துக்கலாம்.

மணலிக்காற்று:

முருங்கையை மாசியில வெட்டக் கூடாதுன்னு கொசத்தலைக்கரை சொல்றார். எங்க பக்கம் மாசியிலதான் வெட்டுறாங்க, நல்லாத் துளிர்க்குதே?

கொசத்தலைக்கரை:

அது செடிமுருங்கையா இருக்கும், பி.கே.எம்.-1 மாதிரி விதை போட்டு வளர்க்குறது. அதை ஒரு காய்ப்பு முடிஞ்சதும் தரையில இருந்து 3 அடி விட்டு வெட்டி மறுதாம்பு, அதாவது மறுபடி துளிர்த்துக் காய்க்க, விடுவாங்க. எப்ப விதைச்சதோ அதைப் பொறுத்து வெட்டுற மாசம் மாறும். விச்சூர்வாசி வெச்சிருக்கறது போத்து நட்ட மரம், பூவோட நிக்குது. துளிர்க்கத்தான் செய்யும், முருங்கையை எப்ப வெட்டினாலும் துளிர்க்கும். குழம்புக்குக் காய் வேணுமா, பொரியலுக்குக் கீரை வேணுமாங்கறதுதான் கேள்வி.

விதை பத்தி உப்புத்தண்ணி பாதி சொல்லிட்டார். மிச்சத்தை நான் சொல்றேன். கொத்தவரை: வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி அரை அடி. காராமணியும் அதே. வெண்டை கொஞ்சம் உப்புக்கு அஞ்சும், இருந்தாலும் மூடாக்கோட ரெண்டு வரிசை போட்டுப் பாருங்க. விதையை ராத்திரி முழுக்க ஊறவெச்சு, ஒன்றரை அடிக்கு ஒரு அடி இடைவெளியில குழிக்கு ரெண்டு விதை, ஒரு விரக்கட்டை ஆழம். அஞ்சு நாள்ல முளைக்கும், 45 நாள்ல காய். நரம்பு மஞ்சளாகி வலை மாதிரி தெரியுற செடியை இரக்கம் பார்க்காமப் பிடுங்குங்க. வெள்ளை ஈ அதுல இருந்து மத்ததுக்கு நோயைக் கொண்டுபோகும், வெயில் ஏற ஏற அந்த ஈ பெருகும். வெண்டையை மாசி பாதிக்குள்ள போடச் சொல்றதே இதனாலதான்.

பந்தலுக்குப் பாகல், புடல். ஒரு அடிக்கு ஒரு அடி, ஒரு அடி ஆழம் குழி எடுத்து மக்கின சாணம் 10 கிலோ, மேல்மண் கலந்து ரொப்புங்க. குழிக்கு அஞ்சு விதை, 15 நாள்ல ரெண்டு நல்ல செடியை விட்டுட்டு மீதியைக் கிள்ளிடுங்க. பாகல் விதை ஓடு கெட்டி, முனையை லேசாக் கிள்ளிட்டு ஊறவெச்சாதான் ஒரே சீரா முளைக்கும். சாணம் மக்காததா இருந்தா குழிக்குள்ள சூடேறி விதை வெந்திடும், கரையானும் வரும். கையில அள்ளினா மண்வாசனை வரணும், சாணி வாசனை வரக் கூடாது.

பங்குனியில பழ ஈ வந்து பிஞ்சுலயே முட்டையிட்டுடும். வெளிய ஒரு புள்ளிதான் தெரியும், அறுத்தா உள்ள புழு. ஒரு லிட்டர் பாட்டில்ல பென்சில் கனத்துல ஆறு ஓட்டை, உள்ள ஊறவெச்ச கருவாட்டுத்தூள் ரெண்டு ஸ்பூன், சோப்புத் தண்ணி இரண்டு விரல் உயரம். பந்தல்ல ரெண்டு பாட்டில் போதும், வாரம் ஒரு தடவை மாத்துங்க. நாத்தம் அடிக்கும், வீட்டு ஜன்னல் பக்கம் கட்டாதீங்க. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் பழைய பேப்பரைக் குழாய் மாதிரி சுருட்டி மாட்டிவிடுங்க. சொத்தைக் காயைக் குப்பையில போடாம ரெண்டடி ஆழத்துல புதைக்கணும், இல்லைன்னா அந்தப் புழு மண்ணுக்குள்ள கூண்டு கட்டி ஈயாத் திரும்பி வரும். பந்தலுக்குக் கீழ கோழியை மேயவிட்டா அந்தக் கூண்டுப்புழுவைக் கிளறித் தின்னுடும். செடி முழங்கால் உயரம் வந்த பிறகு மட்டும். முன்னாடி விட்டா செடியையே கிளறிடும்.

சிறுகீரை, அரைக்கீரை விதையை மணலோட கலந்து தூவுங்க. எறும்பு இழுத்துட்டுப் போகும், அதனால பாத்தி ஓரமா ஒரு கைப்பிடி நொய் தூவுங்க. எறும்பு நொய்யைத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள கீரை முளைச்சிடும்.

எண்ணூர் மல்லி:

யாரும் காயவைக்கிறதைப் பத்திச் சொல்லல, அதுக்கும் இதுதானே நேரம். பனி இருக்கற வரைக்கும் மாடியில எதையும் ராத்திரி விடக் கூடாது. காலை 9 மணிக்கு விரிச்சு, மூன்றரைக்கு எடுத்துடுங்க. கடற்காத்து ஈரத்தோட வரும், நாலு மணிக்கு மேல காய்ஞ்சதும் நமுத்துப்போகும். நமுத்தது வெளிய தெரியாது, எண்ணெயில போட்டா பொரியாம சிவந்துபோகும்போதுதான் தெரியும்.

பிழியுற வடாமுக்கு அரிசி மாவு ஒரு பங்குன்னா தண்ணி ரெண்டரை பங்கு. தண்ணி கொதிச்சு உப்பு, சீரகம் போட்ட பிறகுதான் மாவு. கை நனைச்சுத் தொட்டா ஒட்டாத வரைக்கும் கிளறணும். மாவு வேகலைன்னா காயும்போது துண்டு துண்டா வெடிச்சிடும். உப்பைக் கூழ்ல சரியாப் போட்டா காய்ஞ்ச பிறகு கரிக்கும், ஒரு பிடி குறைச்சே போடுங்க. மூணு வெயில் முழுசா வேணும். மோர்மிளகாய்க்கு மிளகாய் ஒரு கிலோ, புளிச்ச தயிர் ஒரு லிட்டர் கடைஞ்சது, கல் உப்பு 125 கிராம். மிளகாயைக் கீறி மூணு நாள் ஊறவிட்டு, அப்புறம் பகல்ல வெயில், ராத்திரி மறுபடி அதே மோர். மோர் வத்துற வரைக்கும்.

நெத்திலி காயவைக்கிறதா இருந்தா தரையில, மணல்ல போடாதீங்க. இடுப்பு உயரத்துல வலை கட்டி அது மேல ஒத்தை அடுக்கா. கீழயும் காத்து போனா ரெண்டு வெயில்ல ஒடிக்கிற பதம் வந்திடும், மணலும் பல்லுல படாது. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம், 61 நாள். அதுக்கு முன்னால பங்குனிக்குள்ள வாங்கிக் காயவெச்சுட்டா விலை ஏறுறப்ப கவலை இல்ல.

வேப்பம்பூ பங்குனியில கொட்டும். சாயங்காலமே மரத்தடியைப் பெருக்கிட்டு பழைய வேட்டி விரிச்சுடுங்க, விடியக்காலை சேர்ந்ததை எடுத்து நிழல்ல உலர்த்துங்க. வெயில்ல போட்டா கருத்துடும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு அப்புறம் தேட வேண்டியதில்ல.

கொட்டகைநிழல்:

மாட்டுக்கு வைக்கோல் இப்பவே வாங்கிடுங்க. பொன்னேரி, சோழவரம் பக்கம் சம்பா அறுப்பு முடிஞ்சு இப்பதான் கட்டு கட்டா கிடக்கும். அடுத்த போகமான நவரை நெல்லோட வைக்கோல் சித்திரை வாக்குலதான். ஒரு மாட்டுக்குப் பசுந்தீவனத்தோட நாளைக்கு 6 கிலோ, அஞ்சு மாசத்துக்கு 900 கிலோ. மிஷின்ல சுத்தின ரோல் வாங்கினா ஒண்ணை எடை போட்டுக் கணக்குப் பண்ணுங்க, ஒவ்வொரு மிஷினும் ஒவ்வொரு எடையில சுத்தும். ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு ரோலைப் பிரிச்சு நடுவுல கையை விடுங்க. வெதுவெதுன்னு இருந்தா, பூஞ்சை நெடி அடிச்சா, வண்டியோட திருப்பி அனுப்புங்க. பனியில நனைஞ்ச வைக்கோலைச் சுத்தினா உள்ள புழுங்கிக் கருத்திருக்கும், அதைத் தின்னா மாட்டுக்குக் கழிச்சல், பால் குறையும். தரையில அடுக்காம கட்டை போட்டு ஒரு அடி உயரத்துல, சுவத்துல இருந்து ரெண்டடி தள்ளி. தார்ப்பாயை மேல மட்டும் மூடுங்க, பக்கத்துல காத்தாடணும்.

கறவை மாடு வெயில்ல நாளைக்கு 60, 70 லிட்டர் குடிக்கும். அந்த 1,900 தண்ணியை மாடு குடிச்சாலும் சாகாது, ஆனா குறைச்சலாத்தான் குடிக்கும், பால் இறங்கும். வாளியில மொண்ட மேல் தண்ணியையே வைங்க. உண்ணி இந்த மாசம்தான் பெருகும், காது மடல், மடிக்குப் பக்கத்துல, வாலுக்கு அடியில தடவிப் பாருங்க. கோமாரி ஊசி ஆறு மாசம் ஆகியிருந்தா கோழி ஊசிக்குப் போறப்பவே கேட்டுட்டு வந்திடுங்க.

விச்சூர்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஓஸும் கிளாம்பும் வாங்கியாச்சு, நாளைக்கு கேன் கட்டுறோம். கோழிக்கூண்டு, இன்னும் ஒண்ணு: குஞ்சு இறங்கினா ராத்திரி பல்பு போடணுமா? 9 வாட் எல்.இ.டி. இருக்கு.

கோழிக்கூண்டு:

தாய்க்கோழி கூட இருந்தா எதுவும் வேண்டாம், இறக்கைக்குள்ள அணைச்சுக்கும். தாயை விட்டுப் பிரிச்சா மட்டும்தான் பல்பு. எல்.இ.டி. வெளிச்சம் தரும், சூடு தராது. விடியக்காலை பார்த்தா குஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி, அடியில இருந்தது நசுங்கிச் செத்திருக்கும். பழைய குண்டு பல்பு 40 வாட், 20 குஞ்சுக்கு, தரையில இருந்து ஒரு அடி உயரத்துல. குஞ்சு பல்புக்கு அடியில நெருக்கினா இறக்குங்க, ஓரமா ஒதுங்கி வாயைத் திறந்தா ஏத்துங்க. பரவலாப் படுத்துத் தூங்கினா உயரம் சரி.